மரபணுவும் மாற்றுச் சிறுநீரகமும்

'மரபு' என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்றே பெயர். உயிரினங்களின் இளமைப் பெயரையும் ஆண்பாற் பெண்பாற் பெயர்களையும் அவ்வியல் வகுத்துரைப்பதை நம் மாணவர் அறிவர். வழிவழியாக வருவது எதுவோ அது மரபு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் உடற்கூற்றுச் செய்தியைத் தாங்கும் நுண்பொருளுக்கு 'மரபணு' எனப் பெயரிட்டோர் பொருத்தமான சொல்லையே தேர்ந்தனர் எனலாம்.

இம்மரபணு ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடுவதால் சிறுநீரக மாற்று மருத்துவத்தில் விளைவது யாது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள். ஒரே மருத்துவமனை, ஒரே அறுவை வல்லுநர், ஒரே மருந்து. எனினும் ஒருவர்க்குப் பொருத்திய சிறுநீரகம் இருபதாண்டு உழைக்கிறது, மற்றொருவர்க்குப் பொருத்தியது இரண்டாண்டில் ஓய்ந்துவிடுகிறது. இவ்வேறுபாட்டைத் தலைவிதி என்று கூறி அமைந்தோர் பலர். விதியின் ஒரு பகுதியையேனும் எழுத்தெழுத்தாகப் படிக்க இன்று இயல்கிறது. குடும்பத்தில் ஒருவர்க்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, 'யார் கொடுப்பது?' என்னும் வினா எழும் நாளில் இவ்வறிவு பயன்படும். அந்நாள் எவ்வீட்டிற்கும் வரக்கூடும்.

இரட்டையர் தந்த விடை

1933ஆம் ஆண்டு உக்ரைன் நாட்டுக் கெர்சான் நகரில் யூரி வொரோனோய் என்னும் மருத்துவர், இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை நோயாளி ஒருவர்க்குப் பொருத்தினார். கொடுத்தவரின் இரத்தம் 'பி' வகை. பெற்றவரின் இரத்தம் 'ஓ' வகை. இரண்டாம் நாள் நோயாளி இறந்தார். இரத்த வகையும் மரபணு வழி வருவதே. ஆதலின் மரபு வேறுபாடு இம்மருத்துவத்தின் முதற்படியிலேயே வந்து நின்றது எனலாம். 1952ஆம் ஆண்டு இறுதியில் பாரீசு நகர நெக்கர் மருத்துவமனையில், ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறந்து அதையும் விபத்தில் இழந்த இளைஞனுக்கு அவனுடைய அன்னை தம் சிறுநீரகம் ஒன்றை ஈந்தார். மூன்று வாரம் அது நன்கு பணிபுரிந்தது, பின் நின்றுபோயிற்று. தாயைப் போலப் பிள்ளை என்னும் பழமொழி இங்குப் பாதியே மெய்யாயிற்று. பிள்ளையின் மரபுச் செய்தியில் செம்பாதி தந்தை வழியது. அப்பாதி வேறுபாடே அன்னையின் உறுப்பை அயலாக்கியது.

வெற்றி 1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் அமெரிக்கப் பாஸ்டன் நகரில் கிட்டியது. ரிச்சர்டு ஹெரிக் என்பார்க்கு அவருடன் பிறந்த இரட்டையரான ரொனால்டு ஹெரிக் ஒரு சிறுநீரகம் கொடுத்தார். அறுவை செய்தவர் ஜோசப் மர்ரே. இருவரும் ஒரு கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்தாமா என்பதை உறுதிசெய்ய ஒருவர் தோலை மற்றவர்க்கு ஒட்டிப் பார்த்தனர். காவல் நிலையத்தில் கைரேகையும் ஒப்பிட்டனராம்! ஒட்டிய தோல் உதிரவில்லை. பொருத்திய சிறுநீரகமும் மறுக்கப்படவில்லை. ரிச்சர்டு மேலும் எட்டாண்டு வாழ்ந்து 1963இல் மறைந்தார். மர்ரே 1990இல் நோபல் பரிசு பெற்றார்.

இதனால் அறுவை நுட்பம் தவறன்று, மரபு வேறுபாடே தடை என்பது தெளிவாயிற்று. எனினும் இரட்டையர் வரலாற்றில் பலர் நோக்காத மறுபக்கம் ஒன்று உண்டு. அக்காலத்தில் இரட்டையரிடமிருந்து சிறுநீரகம் பெற்றோர் பலர்க்குப் பழைய சிறுநீரக அழற்சியே புதிய உறுப்பிலும் மீண்டும் தோன்றியது. முழு ஒற்றுமை நிராகரிப்பைத் தடுத்ததேயன்றி நோயைத் தடுக்கவில்லை. மரபணு ஒற்றுமை எந்நிலையிலும் நன்மையே தரும் என்று கொள்வது பிழை என்பதற்கு இது தொடக்கச் சான்று.

('நிராகரிப்பு' என்னும் சொல்லைவிட 'ஏற்க மறுத்தல்' என்பது நமக்கு உவப்பானது. ஆயினும் மருத்துவரும் நோயாளரும் வழங்குவது முன்னதே ஆதலின் அதனையே ஆள்கிறோம்.)

ஆறாம் குரோமோசோமில் உள்ள அடையாளம்

உடல் தன்னையும் அயலையும் எவ்வாறு பிரித்தறிகிறது? ஒவ்வோர் உயிரணுவின் மேற்பரப்பிலும் சில புரதங்கள் கொடிபோல் நிற்கின்றன. வெள்ளணுக்களில் முதலில் கண்டறியப்பட்டமையால் அவற்றை மனித வெள்ளணு எதிர்ச்செனிகள் என்றும், சுருக்கமாக எச்.எல்.ஏ. என்றும் வழங்குவர். பிரெஞ்சு மருத்துவர் ஜான் தோசே 1958இல் இவற்றுள் முதலாவதை விளக்கினார். 1980இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இப்புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமின் குறுங்கையில் நெருங்கி அமைந்துள்ளன. ஏ, பி, டி.ஆர். என்னும் மூன்றும் சிறுநீரக மாற்றில் நெடுங்காலமாக நோக்கப்படுபவை, டி.க்யூ. என்பதன் முதன்மை பின்னரே உணரப்பட்டது. மனிதரின் மரபணுக்களுள் இவற்றைப்போல் வேறுபாடு மிக்கவை வேறில்லை. இன்று பதிவாகியுள்ள எச்.எல்.ஏ. வடிவங்கள் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டவை.

இவ்வளவு வேறுபாடு ஏன்? நோய்க்கிருமிகளின் துணுக்குகளைப் பிடித்து நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டுவதே இப்புரதங்களின் இயல்பான தொழில். எல்லார்க்கும் ஒரே வடிவம் இருப்பின் அதற்குப் பிடிபடாத கொள்ளைநோய் ஒன்று ஊரையே அழித்துவிடும். ஆக, மனித இனத்தைக் காத்த பன்மையே அறுவை மேசையில் தடையாகிறது.

இம்மரபணுக்கள் நெருங்கி இருப்பதால் பெரும்பாலும் ஒரு தொகுதியாகவே பிள்ளைக்கு இறங்குகின்றன. தந்தையிடம் இரு தொகுதி, தாயிடம் இரு தொகுதி. பிள்ளைக்குக் கிடைப்பது ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்று. எனவே பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் பாதிப் பொருத்தம் உறுதி. உடன்பிறந்தாரிடையே நிலை வேறு: முழுப் பொருத்தம் அமையும் வாய்ப்பு நூற்றுக்கு 25, பாதிப் பொருத்தம் 50, சிறிதும் பொருந்தாமை 25. 'ஒரே வயிற்றுப் பிள்ளைகள், பொருந்தாமல் போகுமா?' என்று முதியோர் கேட்பதுண்டு. போகும். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் அண்ணனும் தம்பியும் இவ்வகையில் அயலாரே. பொருந்தாமை கண்டு குடும்பத்தில் ஐயுறவு கொள்வதற்கு எவ்வடிப்படையும் இல்லை என்பதை ஈண்டு வற்புறுத்த விழைகிறோம்.

பொருத்தம் பார்ப்பதோடு மற்றொரு சோதனையும் இன்றியமையாதது. இரத்தம் ஏற்றுதல், முந்தைய உறுப்பு மாற்று, மகப்பேறு ஆகியவற்றால் ஒருவர் உடலில் பிறர் எச்.எல்.ஏ.விற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் முன்னரே தோன்றியிருக்கலாம். கருவுற்ற தாய் தன் வயிற்றிலுள்ள குழவியின் தந்தைவழிப் புரதத்தைக் கண்டு எதிர்ப்பொருள் ஆக்குதல் இயல்பே. எனவே பல மகவு ஈன்ற மனைவிக்குக் கணவர் சிறுநீரகம் கொடுக்க முன்வரின் இச்சோதனையில் கூடுதல் கருத்துச் செலுத்துவர். ஏற்பவரின் இரத்தநீரையும் கொடையாளரின் வெள்ளணுவையும் கலந்து காணும் இச்சோதனையின் அருமையை உலகறியச் செய்தவர் பால் தெரசாகி. சப்பானியப் பெற்றோர்க்குப் பிறந்த அமெரிக்கரான இவர், இரண்டாம் உலகப் போரின்போது சிறுவராகத் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். 1969இல் படேல் என்பாருடன் இவர் வெளியிட்ட கணக்கு புகழ்பெற்றது: எதிர்வினை தோன்றிய 30 பேருள் 24 பேர்க்குப் பொருத்திய உறுப்பு உடனடியாகப் பழுதுற்றது, தோன்றாத 195 பேருள் 8 பேர்க்கே அவ்வாறாயிற்று. அதன்பின் இச்சோதனையின்றி மாற்று அறுவை செய்வது முறையன்று என்றாயிற்று.

கணவன் மனைவியர்

இதுவரை கூறியதைக் கொண்டு, மரபணு நெருக்கமே எல்லாம் என்று முடிவு கட்டுவோர் 1995இல் அதே தெரசாகி வெளியிட்ட மற்றொரு கணக்கைக் காணவேண்டும். கணவன் மனைவியரிடையே நிகழ்ந்த 368 மாற்றுகளில் மூன்றாண்டு முடிவில் உழைத்துக்கொண்டிருந்தவை நூற்றுக்கு 85. பெற்றோர் கொடுத்தவற்றில் 82. இறந்தவர்களிடமிருந்து பெற்றவற்றில் 70. கணவனுக்கும் மனைவிக்கும் இரத்த உறவில்லை, எச்.எல்.ஏ. ஒற்றுமையும் பெரும்பாலும் இல்லை. எனினும் பாதி ஒத்த பெற்றோரின் உறுப்புக்கு அஃது இணையாக உழைத்தது. உயிருள்ளவரிடமிருந்து, காலத்தாழ்வின்றி, நலங்குன்றாமல் எடுத்த உறுப்பு என்பதே இதற்குக் காரணமாகக் கொள்ளப்பட்டது. இறந்தவர் உறுப்பு எடுப்பதற்கு முன்னரே ஓரளவு ஊறுபட்டிருக்கலாம். பனிக்கட்டியில் பல மணி நேரம் காத்திருக்கவும் நேரும். மரபணு ஒரு பக்கமெனில் உறுப்பின் நலம் மறுபக்கம். முழுப் பொருத்தமுள்ள உடன்பிறந்தாரின் சிறுநீரகமே நீண்டநாள் உழைப்பது என்னும் உண்மையை இது மறுக்கவில்லை. முழுப் பொருத்தம் இல்லையே என்று கைவிட்டுவிட வேண்டா என்பதையே காட்டுகிறது.

இந்தியாவில் 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வெற்றி கண்ட இம்மருத்துவம், பின்னர்ப் பெருகியபோது விலைக்கு உறுப்பு வாங்கும் கொடுமையும் உடன் பெருகிற்று. அதனைத் தடுக்க 1994இல் இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம், நெருங்கிய உறவினர் பட்டியலில் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார் ஆகியோருடன் கணவன் மனைவியரையும் சேர்த்தது. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பாட்டன் பாட்டியரும் பேரன் பேத்தியரும் சேர்க்கப்பெற்றனர்.

பொருத்தத்தைப் பெரிதும் போற்றினால் நீதி குன்றவும் கூடும். அமெரிக்காவில் இறந்தவர் சிறுநீரகத்தைப் பகிர்கையில் எச்.எல்.ஏ. ஒற்றுமைக்கு மதிப்பெண் வழங்கினர். கொடையாளர் பெரும்பான்மை வெள்ளையர், எச்.எல்.ஏ. வடிவங்களின் பரவலோ இனத்திற்கு இனம் வேறு. ஆகவே கறுப்பினத்தார் காத்திருப்பு நீண்டது. இதனை உணர்ந்து 2003இல் 'பி' பொருத்தத்திற்கான மதிப்பெண்ணை நீக்கினர். நிராகரிப்பை அடக்கும் மருந்துகள் திறம்பட்டிருந்தமையால் அவ்வாறு நீக்குவது இயன்றது.

மருந்தும் மரபும்

மருந்துகளில் இன்று முதன்மையானது டாக்ரோலிமஸ். சப்பானில் சுக்குபா மலைப் பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து 1984இல் பிரித்தெடுக்கப்பட்டது. இதன் அளவு குறைந்தால் நிராகரிப்பு. மிகுந்தால் காத்த சிறுநீரகத்திற்கே நஞ்சு. கத்தி முனையில் நடப்பது போன்றதே இதனைக் கொடுக்கும் முறை. ஒரே எடையுள்ள இருவர்க்கு ஒரே அளவு கொடுத்தால் இரத்தத்தில் ஒருவர்க்குப் போதாமையும் மற்றவர்க்கு மிகையும் காணப்படுவது மருத்துவரை நெடுநாள் வியப்பில் ஆழ்த்தியது.

விடை சி.ஒய்.பி. 3ஏ5 என்னும் நொதியை ஆக்கும் மரபணுவில் இருந்தது. கல்லீரலிலும் குடலிலும் டாக்ரோலிமசைச் சிதைப்பது இந்நொதி. இம்மரபணுவில் ஓரெழுத்து மாறிய 'மூன்றாம் வடிவம்' இருப்பின் நொதி ஏறத்தாழ உருவாவதே இல்லை. நமக்கு நன்கு விளங்கும் உவமை கூறின், ஓரெழுத்துப் பிழையால் சொற்களைப் பிரிக்க வேண்டிய இடம் மாறி, வாக்கியம் முழுதும் பொருளற்றுப் போவதை ஒப்பது இது. இருபுறமும் அவ்வடிவம் பெற்றவர்க்கு மருந்து மெல்லக் கழியும், சிறிதளவே போதும். ஒரு புறமேனும் முதல் வடிவம் உடையவர்க்கு மருந்து விரைந்து கழியும். இவர்களுக்குத் தொடக்க அளவை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்குமாறு 2015ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டி கூறுகிறது. ஐரோப்பியருள் பெரும்பாலார் நொதி அற்றவர். ஆப்பிரிக்க வழியினருள் பெரும்பாலார் உடையவர். தென்னாசியராகிய நாம் இடைப்பட்டவர். மேனாட்டுக் கணக்கை அப்படியே நம்மவர்க்குப் பின்பற்றின் தொடக்க நாள்களில் பலர்க்கு மருந்து போதாமல் போகலாம் என்பது இதனால் பெறப்படும்.

மரபணுவை முன்னரே பார்த்து அளவு குறித்தால் நன்மை விளையுமா? பிரெஞ்சு நாட்டில் 280 நோயாளரிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. மரபணு நோக்கி அளவு குறித்தோரில் நூற்றுக்கு 43 பேர் மூன்று நாளில் உரிய அளவை எட்டினர். வழக்கமான முறையில் 29 பேரே எட்டினர். ஆனால் நிராகரிப்பின் எண்ணிக்கையில் வேறுபாடு காணப்படவில்லை. இரத்தத்தில் மருந்தளவை அடிக்கடி சோதித்துத் திருத்துவதால் இறுதியில் இரு சாராரும் ஒரே இடத்தை அடைந்துவிடுகின்றனர் போலும். மரபணுச் சோதனை இல்லாத ஊரில் இரத்தச் சோதனையைத் தவறாது செய்துகொள்வது அதன் பெரும்பயனைத் தந்துவிடும் என்பதே நம் கருத்து. (கிரேப் ஃபுரூட்டும் அதன் இனமான பம்பளிமாசும் இம்மருந்தின் அளவை உயர்த்தும் ஆதலின், இவற்றை உண்ணலாகாது என்று மருத்துவர் கூறுவது வீண் பத்தியமன்று.)

பழைய மருந்தாகிய அசதயோப்ரின் விலை மலிவானது; இன்றும் பலர் உட்கொள்வது. என்.யு.டி.டி. 15 என்னும் மரபணுவில் ஒருவகை மாற்றம் உடையவர்க்கு இது எலும்பு மச்சையைத் தாக்கி வெள்ளணுக்களை அபாய அளவிற்குக் குறைத்துவிடும். 2014இல் கொரிய நாட்டவரிடம் முதலில் கண்டறியப்பட்ட இம்மாற்றம் ஐரோப்பியரிடம் அரிது. கிழக்காசியரிடமும் தென்னாசியரிடமும் அரிதன்று.

கொடையாளரின் மரபணு

ஏற்பவரின் மரபணுவைப் பற்றியே பேசிவந்தோம். கொடுக்கப்பட்ட சிறுநீரகம் தன் பழைய உடைமையாளரின் மரபணுவையே இறுதிவரை தாங்கி நிற்கிறது என்பதை மறத்தலாகாது. இதற்குத் தெளிந்த சான்று ஏ.பி.ஓ.எல். 1 என்னும் மரபணு. ஆப்பிரிக்க உறக்கநோய்க் கிருமியை எதிர்க்கும் புரதத்தை ஆக்குவது இது. மேற்கு ஆப்பிரிக்க வழியினரிடம் இதன் இரு மாற்று வடிவங்கள் பரவியுள்ளன. அவற்றுள் ஒன்றைப் பெற்றவர் அந்நோயிலிருந்து காப்புப் பெறுவர். தாய் வழி ஒன்றும் தந்தை வழி ஒன்றுமாக இரண்டு பெற்றவர்க்கோ சிறுநீரகம் பழுதுறும் வாய்ப்பு மிகும். 2010இல் இது வெளிப்பட்டது. அமெரிக்கக் கறுப்பினத்தாருள் ஏறத்தாழ நூற்றுக்கு 13 பேர் இரண்டும் உடையவர். இத்தகையோரின் சிறுநீரகம் யாருக்குப் பொருத்தப்படினும் பிறவற்றைவிட விரைவில் பழுதுறுகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. தம்பிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றோடு வாழ விழையும் அண்ணனுக்கும் இது கருதத்தக்கது. அவரிடம் எஞ்சுவதும் அதே மரபணு தாங்கிய சிறுநீரகமன்றோ?

எச்.எல்.ஏ. அல்லாத பிற வேறுபாடுகளைத் தேடிய முயற்சிகள் இன்னும் கலங்கலாகவே உள்ளன. ஓரிரு மரபணுக்களைப் பற்றி வந்த பழைய செய்திகள் பல, மறு ஆய்வில் நிலைக்கவில்லை. 2018இல் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட கொடையாளர்–ஏற்பவர் இணைகளின் முழு மரபுத்தொகையையும் நோக்கிய ஆய்வில் வலுவான புதுக்காரணம் ஒன்றும் புலப்படவில்லை. 2019இல் வியன்னா நகர ஆய்வாளர் 477 இணைகளை நோக்கி, உயிரணுப் பரப்பில் நிற்கும் புரதங்களில் வேறுபாடு மிகுந்தோறும் உறுப்பிழப்பும் மிகுகிறது என்றனர். அதே ஆண்டில் எல்.ஐ.எம்.எஸ். 1 என்னும் பகுதியில் குறைவுடைய ஏற்பவர்க்குக் குறைவற்ற கொடையாளரின் உறுப்பைப் பொருத்தின் நிராகரிப்பு மிகுகிறது என ஓர் ஆய்வு வந்தது; பின்வந்த ஆய்வுகள் சிலவற்றில் அம்முடிவு கிட்டவில்லை.

மரபணுவையும் மனிதர் பழக்கத்தையும் ஒருங்கே வைத்து நோக்கிய ஆய்வு ஒன்றைக் குறிப்பிடல் தகும். கனடாவின் மனிடோபா மாநில நோயாளர் 315 பேரை நோக்கி 2012இல் வெளியிட்டது அது. அறுவைக்குப்பின் கொடையாளரின் எச்.எல்.ஏ.விற்கு எதிராகப் புதிய எதிர்ப்பொருள் தோன்றியவர் 47 பேர். பத்தாண்டு முடிவில் இவர்களுள் உறுப்பு நிலைத்தது நூற்றுக்கு 57 பேர்க்கு. ஏனையோருள் 96 பேர்க்கு. அவ்வெதிர்ப்பொருளைத் தோற்றுவித்தவை எவை எனில், டி.ஆர். பொருந்தாமை ஒன்று, மருந்தை ஒழுங்காக உண்ணாமை மற்றொன்று. முன்னதை நாம் மாற்றவியலாது.

நோயே மரபாயின்

குடும்பப் பெரியோர் உன்னிக் கேட்கத்தக்க பகுதி இதுவே. சிறுநீரகம் பழுதுபட்டதற்கே மரபணு காரணமாயின், உறவினரிடம் உறுப்புப் பெறுதல் இருபுறமும் கூரான வாளாகும். பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் பெற்றோருள் ஒருவர்க்கு இருப்பின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 50. இளம் வயதில் கட்டிகள் தோன்றாமலும் இருக்கலாம். ஆகவே இருபது வயது மகன் தந்தைக்குக் கொடுக்க முன்வரின், படத்தில் கட்டியில்லை என்பதோடு அமையாமல் மரபணுச் சோதனையும் செய்வது பாதுகாப்பு.

ஆல்போர்ட் நோயாளரின் சிறுநீரகச் சவ்வில் ஒருவகைக் கொலாஜன் புரதம் குறைவுற்றிருக்கும். நல்ல சிறுநீரகம் பொருத்தியபின், பிறந்தநாள் முதல் கண்டிராத அப்புரதத்தை உடல் பகையெனக் கருதித் தாக்குவதும் சிலரிடம் நிகழ்கிறது. தாயிடமிருந்து மகனுக்கு இறங்கும் வகையில், கொடுக்க முன்வரும் தாயே மறைவாக அக்குறையைத் தாங்கியவராகவும் இருப்பார்.

காம்ப்ளிமென்ட் எனப்படும் தற்காப்புப் புரதங்களின் மரபணுப் பிழையால் வரும் ஒருவகை நோயில் (ஹீமோலிட்டிக் யூரீமிக் நோய்க்கூட்டின் மரபுவகை), எந்த மரபணு பழுது என்பதைப் பொறுத்தே புதிய உறுப்பின் கதி அமைகிறது. ஹெச் காரணி என்பதில் பிழையுடையோர்க்கு நோய் பெரும்பாலும் திரும்பும். சவ்வோடு ஒட்டிய எம்.சி.பி. புரதத்தில் மட்டும் பிழையுடையோர்க்குத் திரும்புதல் அரிது, ஏனெனில் புதிய சிறுநீரகம் தன் சொந்த நற்புரதத்தோடு வருகிறது. உடன்பிறந்தார்க்குக் கொடுத்தபின் கொடுத்தவர்க்கே இந்நோய் வெளிப்பட்ட நிகழ்ச்சியும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. 2011இல் ஏற்பளிக்கப்பெற்ற எக்குலிசுமாப் என்னும் மருந்து நிலைமையை மாற்றியுள்ளதாயினும் அதன் விலை மிக உயர்ந்தது.

இறுதியாக ஆக்சலேட் நோய். கல்லீரல் நொதி ஒன்றின் மரபணு தந்தை வழியும் தாய் வழியும் ஒருங்கே பழுதுற்றுவரின் முதல்வகை ஆக்சலேட் மிகை தோன்றும். கல்லீரல் ஆக்கும் ஆக்சலேட் சிறுநீரகத்தில் கல்லாய்ப் படியும். காரணம் அறியாது சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் புதியதும் அவ்வாறே படிந்து பாழாகும். அன்னையின் சிறுநீரகம் ஒன்று இவ்வாறு வீணாதல் எத்துணை இழப்பு! முன்னரே மரபணுவைக் கண்டால் கல்லீரலையும் உடன் மாற்றலாம். 2020இல் வந்த லுமாசிரான் என்னும் ஊசி மருந்தால் ஆக்சலேட்டையே குறைக்கவும் இயலும். மறைவுநிலையில் வரும் இத்தகைய நோய்கள் உறவுக்குள் மணம் செய்யும் குடும்பங்களில் மிகுதி. தூனிசியாவில் இந்நோய் மற்ற நாடுகளைவிட மிகுந்து காணப்படுவதற்கு இதனைக் காரணமாகக் கூறுவர். மாமன் மகளையும் அத்தை மகனையும் உரிமையோடு மணக்கும் வழக்கம் சமயங்கடந்து தமிழரிடம் உண்டு. அத்தகைய குடும்பத்தில் இளம் பிள்ளை ஒன்றிற்குச் சிறுநீரகத்தில் கல் மீண்டும் மீண்டும் தோன்றினாலோ, காரணம் தெரியாது சிறுநீரகம் பழுதுற்றாலோ, 'பெற்றோர் உறவினரா? வீட்டில் வேறு யாருக்கேனும் இருந்ததா?' என்று மருத்துவர் வினவுவார். அவ்வினாவைக் குடும்ப மானத்திற்கு இழுக்கெனக் கருதி மறைப்போர் உளர். கொடையாளராக யாரைத் தேர்வது, ஓருறுப்பா ஈருறுப்பா என்பதெல்லாம் அவ்வினாவிற்குத் தரும் மெய்யான விடையிலிருந்தே தொடங்குகின்றன.